12 கடல்மைலுக்கு மேல் போகாத கப்பல்

"இந்த வண்டி நாற்பதுக்கு மேல போகாது சார்" என்றார் இன்று காலை பஸ் ஓட்டுநர், நான் கேட்காமலேயே.

எனக்கு உடனே கனோபஸ் ஞாபகம்.

1897இல் கடலில் இறக்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல். 12 அங்குலப் பீரங்கிகள் நான்கு. 1906இல் டிரெட்நாட் என்ற புது மாதிரிப் போர்க்கப்பல் வந்ததும் இந்த வகையே கிழடாகிவிட்டது.

1914, முதல் உலகப்போர். தென் அமெரிக்கக் கடலில் இருந்த பிரிட்டிஷ் அட்மிரல் கிராடக்கிடம் இதை அனுப்பினார்கள். மணிக்கு 12 கடல்மைலுக்கு மேல் போகாது என்று தகவல். நிலக்கரிக் கப்பல்களுக்குக் காவலாக இதைப் பின்னால் விட்டுவிட்டு அவர் முன்னே போனார்.

நவம்பர் 1. சிலியின் கொரோனல் அருகே ஜெர்மன் கப்பல்களோடு மோதி அவருடைய இரண்டு கப்பல்கள் மூழ்கின. கிராடக் உட்பட சுமார் 1,600 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

கனோபஸ் உண்மையில் 16 வரை போகும்! 12 என்று சொன்ன தலைமைப் பொறியாளருக்கு மனநிலை சரியில்லை. பெரியவர் சொல்லிவிட்டால் இன்ஜின் அறைக்குள் இறங்கிப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

சரி, வேகமாக வந்திருந்தால் கிராடக் பிழைத்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். கனோபஸின் ஆட்கள் பெரும்பாலும் ரிசர்வ் படையினர், பயிற்சியும் போதாது.

அப்புறம்தான் வேடிக்கை. தென் அட்லாண்டிக்கில் பால்க்லாந்து தீவுகளின் போர்ட் ஸ்டான்லி துறைமுகத்தில் கப்பலை வேண்டுமென்றே சேற்றில் ஏற்றிக் கோட்டையாக்கினார்கள். டிசம்பர் 8, ஜெர்மானியர்கள் நெருங்கியபோது முதலில் சுட்டது இதுதான். பயிற்சிக்காக ஏற்றிவைத்த வெடிக்காத குண்டு தண்ணீரில் பட்டுத் தெறித்து, க்னைசனா என்ற ஜெர்மன் கப்பலின் புகைபோக்கி அடியில் போய் இடித்தது. எதிரி திரும்பிவிட்டான். துறைமுகத்துக்குள் நிலக்கரி ஏற்றிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கப்பல்களுக்கு நேரம் கிடைத்தது.

இரவுக்குள் ஐந்து ஜெர்மன் குரூசர் போர்க்கப்பல்களில் நான்கு மூழ்கின. டிரெஸ்டன் மட்டும் தப்பியது.

கனோபஸ் அடுத்த வருடம் துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைக்குப் போனது. 1920இல் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள்.