பெட்டி வைக்க ஓர் இடம்: தண்டையார்பேட்டை நாட்குறிப்பு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். தூக்கு நிறைய வாங்கி வந்து, முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் தொட்டுக்கொண்டு குடித்து முடித்தபோது அக்கா மகன் கேட்டான்: “சித்தி, நாமளே ஒரு பெட்டி வச்சா இன்னா?”

போன வருடம் பெங்களூரு போயிருந்தபோது, ஒரு பூங்காவில் கல்லுக்குப் பின்னால் எங்கள் முதல் பெட்டியைக் கண்டெடுத்தோம். ஜியோகேச்சிங் என்று பெயர். யாரோ ஒருவர் டப்பா ஒன்றை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் போடுவார். போனை வைத்துக்கொண்டு தேடிப் போகிறவர், உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்தில் எடுத்த மாதிரியே வைத்துவிட்டு வர வேண்டும். உள்ளே பொம்மை கிம்மை இருந்து அதை எடுத்துக்கொண்டால், அதே மதிப்பிலோ அதைவிட நல்லதாகவோ ஒன்றைப் போட வேண்டும். இவன் கண்ணாடிக் கோலிக்குண்டை எடுத்துக்கொண்டு பழைய பஸ் டிக்கெட்டை வைக்கப் பார்த்தான். தலையில் ஒரு குட்டு.

இந்த விளையாட்டு பிறந்த கதை இது: ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே 2 அன்று அமெரிக்க அரசு நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஒரிகான் மாநிலத்தில் ஒரு வாளியைக் காட்டோரம் வைத்து, இடத்தை அறிவித்தார். அந்த வாளி பாதி மண்ணுக்குள் இருந்தது, உள்ளே ஒரு பீன்ஸ் டப்பாவும் இருந்தது. இன்றைய விதிப்படி அனுமதி இல்லாமல் பள்ளம் தோண்டக் கூடாது, சாப்பாட்டுப் பொருளோ வைக்கவே கூடாது. எங்கள் தெருப் பெருச்சாளிகளைப் பார்த்தவர்தான் அந்த இரண்டாவது விதியை எழுதியிருப்பார்.

ஆகஸ்ட் 6, புதன்

இடம் தேடினோம். எங்கே வைக்கக் கூடாது என்பதுதான் வேகமாகத் தெரிந்தது.

இவனுக்கு ராயபுரம் ரயில் நிலையம்தான் வேண்டுமாம். 1856இல் திறந்தது, தூண்கள் வேறு அழகு, ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் ரயில்வே இடத்தில் அனுமதியின்றி நுழைந்தால் 1989ஆம் வருட ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவில் ஆறு மாதச் சிறை வரை உண்டு. தேடி வருகிறவன் தண்டவாளத்தின் மேலே நடப்பான், வைத்தவள் நான் என்றாகும். துறைமுகச் சுவர் பக்கம் போகவே வேண்டாம். பழைய சிறைச்சாலைச் சாலையில் மாடிப் பூங்கா இருக்கிறதே, கருப்பர் நகரத்துக் கோட்டைச் சுவரின் மிச்சம், அங்கே செங்கல் இடுக்குகள் “வா வா” என்று கூப்பிடுகின்றன. பழைய சுவரில் கை வைக்கக் கூடாது என்பது எனக்கே தெரியும். ஒருவர் செங்கல்லை லேசாக அசைப்பார், அடுத்தவர் கொஞ்சம் அதிகமாக. பத்தாவது ஆள் வரும்போது செங்கல் கீழே கிடக்கும்.

வெளிநாட்டு வீடியோக்களில் விளக்குக் கம்பத்தின் அடிமூடியைத் தூக்கி அதற்குள் டப்பா வைக்கிறார்கள். இதை யாரும் இங்கே செய்து பார்க்காதீர்கள். மழை பெய்தால் கம்பத்தைத் தொடாதே, ஈ.பி. பெட்டி பக்கம் போகாதே என்று சொல்லித்தான் பிள்ளை வளர்க்கிறோம். அதற்குள் கையை விட்டுத் தேடு என்று இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

மரத்தில் ஆணி அடிப்பதும் விதிப்படி கூடாது.

ஆகஸ்ட் 9, சனி

சாமான் வாங்கும் நாள். ஆண்டர்சன் தெருவில் கெட்டித்தாள் கேட்டேன். கல்யாணப் பத்திரிகைக்கா என்றார் கடைக்காரர். இல்லை என்று சொன்னதும் சுவாரஸ்யம் போய்விட்டது அவருக்கு. தாளைச் சின்னதாக வெட்டி, நூலால் தைத்து, ஜிப் பை ஒன்றில் போட்டோம். பென்சில்தான், பேனா கிடையாது: நம் ஊர் ஈரத்தில் பேனா மை ஒரே வாரத்தில் நீலக் குளமாகிவிடும். மாத்திரை டப்பாக்களிலிருந்து சேர்த்து வைத்த சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நான்கு.

பெட்டி விஷயத்தில் சண்டை. இவனுக்குக் கறுப்பு டேப் சுற்றிய டப்பா வேண்டும், கண்ணில் படாதாம். கறுப்பு டேப் சுற்றிய டப்பாவைப் பொது இடத்தில் பார்த்தால் எனக்கே வயிறு கலங்கும். உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும், மேலே தமிழில் எழுதியிருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம். கடைசியில் நான்கு பக்கமும் பூட்டும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், சோடா பாட்டில் ஊதுவதற்கு முன் சோதனைக்குழாய் மாதிரி இருக்குமே, அந்தக் கெட்டிக் குழாய் ஒன்றும் வாங்கினோம். இரண்டிலும் டிஷ்யூ பேப்பர் போட்டு, வாளித் தண்ணீரில் கல் கட்டி முக்கியிருக்கிறோம்.

துபாய் அண்ணன் போன் செய்தபோது, செயற்கைக்கோள் வழியே மெசேஜ் அனுப்புமே, அந்தக் கருவியை வாங்கி வரட்டுமா என்றான். வேண்டவே வேண்டாம் என்றேன். வெறும் ஜி.பி.எஸ். காட்டும் கருவி வேறு, இது வேறு. உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டு வந்தவர்களை விமான நிலையத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள். எங்களுக்குப் போனே போதும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் பார்த்தால் டப்பாவுக்குள் டிஷ்யூ கூழாகிக் கிடக்கிறது. குழாய்க்குள் இருந்தது காய்ந்தபடி இருந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

புத்தி கெட்டுப் போய், பக்கிங்காம் கால்வாய்ப் பாலம் ஒன்றின் கைப்பிடிச் சுவர் அடியில் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுதந்திர தினத்துக்கு மூன்று நாள்!

முதலில் வந்தது பூ விற்கும் அம்மா. “இன்னாமா தேடுற, கம்மல் கிம்மல் வுயுந்துச்சா?” இல்லை என்று சொல்லியும் அவர் குனிந்து தேட ஆரம்பித்தார். ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டி, போனில் டார்ச் அடித்தார். நான்கு பேர் கூடியதும் ஐந்தாவதாகக் காவலர் வந்தார்.

மரியாதையாகத்தான் பேசினார். போனை வாங்கிப் பார்த்தார், அக்கா மகனின் பள்ளி அடையாள அட்டையைப் பார்த்தார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, “மேடம், இன்னிக்கு நீங்க வைக்கலை, சரி. வச்சிருந்து, யாராவது நூறுக்கு அடிச்சிருந்தா, இந்த ரோட்டையே மூடியிருப்போம்” என்றார். என்னிடம் பதில் இல்லை. பூக்கார அம்மாதான் எனக்காக வாதாடினார், கம்மல் தேடுகிறேன் என்று.

இந்த விளையாட்டில் சேராதவர்களை “மகிள்” என்பார்கள், அவர்கள் கண்ணில் படாமல் தேட வேண்டும் என்பது எழுதாத விதி. காட்டுப்பாதையில் ஒத்தையாக நடக்கிற ஊருக்கு அது சரி. இங்கே கீழே ஐந்து ரூபாய் விழுந்தாலே பத்து பேர் தேடித் தருகிறார்கள். ஒளிந்து தேடினால்தான் சந்தேகம் வரும். ஆகவே எங்கள் பெட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்த பெட்டியாகத்தான் இருக்கப் போகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

முந்தாநாள் கொடி ஏற்றி முடிந்தது. நேற்று ஒரு பூங்காவில் கேட்டோம். பொறுப்பாளர் பாவம், எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று கடைசி வரை அவருக்குப் புரியவில்லை.

டீக்கடை அண்ணன் உடனே சரி என்றார், ஒரே நிபந்தனையோடு: “டீ குட்ச்சாதான் பெட்டி.” அது நடக்காது. தேடி வருகிறவர் கடைக்குள் போக வேண்டும், எதையாவது வாங்க வேண்டும் என்றால் ஜியோகேச்சிங் தளத்தில் பெட்டியை ஏற்க மாட்டார்கள். அண்ணனுக்கு வருத்தம். “அப்ப எனக்கு இன்னாமா லாபம்?” நியாயமான கேள்வி.

கடைசியில் கிடைத்தது எங்கள் பக்கத்து கேரம் மன்றத்தின் முகப்பு. செயலாளர் அண்ணன் கோடு போட்ட தாளில் “எங்களுக்கு ஆட்சேபனை இல்லை” என்று எழுதி, முத்திரையும் குத்திவிட்டார். ஆனால் சுவர் மன்றத்துடையது இல்லை, பின்கட்டில் இருக்கும் ஆயாவுடையது. மன்றம் வாடகைக்குத்தான் இருக்கிறது. இதை யாரும் சொல்லவில்லை, வாடகை எவ்வளவு என்று பேச்சுவாக்கில் கேட்டபோது தெரிந்தது. அந்தத் தாளோடு திரும்பியிருந்தால் அனுமதி வாங்கியதாக நினைத்துக்கொண்டு இருந்திருப்போம்.

ஆயா கேட்டார்: “உள்ள இன்னா வெப்ப?”

“பேப்பரும் பென்சிலும், ஆயா.”

“யாரு வருவாங்கோ?”

“யார் வேணும்னாலும்.”

“ராத்திரில வரக் கூடாது. செவுத்த நோண்டக் கூடாது. ஆம்பளைங்க இங்க குந்திக்கினு சிகரெட் புடிக்கக் கூடாது.”

மூன்றையும் அறிவிப்பில் அப்படியே எழுதினோம். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை மட்டும்.

அண்ணனே பழைய கேரம் பவுடர் டப்பா ஒன்றைக் கொடுத்தார். குழாய் அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. மேலே “இது விளையாட்டுப் பெட்டி, ஆபத்து இல்லை” என்று எழுதி, என் போன் நம்பரும் ஒட்டியாயிற்று. எங்கே மாட்டினோம் என்று சொல்ல மாட்டேன். படமும் போட மாட்டேன். நீங்களும் கண்டுபிடித்தால் போடாதீர்கள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நெருங்கிய வீடுகளுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வருகிறது. ஒரே இடத்தில் நின்றாலும் புள்ளி எதிர்வீட்டு மாடிக்குத் தாவுகிறது. மூன்று நாள், காலையிலும் மாலையிலும் எண்களைக் குறித்துச் சராசரி எடுத்தோம்.

அப்புறம் இவன் ஒரு கூத்து செய்தான். போன் காட்டியது தசம டிகிரி, தளம் கேட்பது டிகிரியும் நிமிடமும் (ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம்). ராயபுரம் பக்கம் 13.110, 80.290 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 13 டிகிரி 6.6 நிமிடம், 80 டிகிரி 17.4 நிமிடம். இவன் புள்ளிக்குப் பின்னால் இருப்பதுதான் நிமிடம் என்று நினைத்து 11.0, 29.0 என்று அடித்தால் எங்கே போகும்? கரையிலிருந்து 15 கிலோமீட்டருக்கு மேல், நடுக்கடலில். காசிமேட்டு லாஞ்சில்தான் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

திருத்தி அனுப்பினோம். சரிபார்ப்பவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர். 161 மீட்டருக்குள் வேறு பெட்டி உண்டா, இடத்துக்காரரின் அனுமதி உண்டா, நாங்கள் அடிக்கடி போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார். மூன்றாவதற்கு “நடந்து நான்கு நிமிடம்” என்று பதில் எழுதினேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வந்துவிட்டது பெட்டி, உலக வரைபடத்தில்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வாரக் கடைசியில் நல்ல மழை. காலையில் குடையோடு போனேன். பவுடர் டப்பா துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, மாற்ற வேண்டும். குழாய்க்குள் தாள் காய்ந்தே இருந்தது.

ஆனால் தாளில் இடமில்லை. முதல் பக்கம் முழுக்க மன்றத்துப் பையன்களின் கையெழுத்து. இரண்டாம் பக்கத்தில் யாரோ இரண்டு பேர் போர்டு ஆடிய கணக்கு, 25க்கு 18. மூன்றாம் பக்கத்தில், கோணலாக, ஆயாவின் பெயர். எழுதிக் கொடுத்தது பேத்தியாம். அதற்கெல்லாம் கீழே, ஓரத்தில் மிச்சமிருந்த கட்டைவிரல் அகலத்தில், கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர் நேற்றைய தேதி போட்டு, “தேட விடவில்லை, கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டார்கள். டீயும் வாங்கிக் கொடுத்தார்கள்” என்று எழுதியிருக்கிறார்.

நாளை ஆண்டர்சன் தெருவுக்குப் போக வேண்டும். இந்த முறை தடிமனான நோட்டாக.