தாள் அசைந்தது

"மாமா, பையர்கிட்ட பேசறப்ப ஒரே வார்த்தையை மூணு வாட்டி கேக்கறாங்க" என்று அக்கா மகள் கலங்கிப்போய் வந்தாள். திருப்பூரில் மெர்ச்சன்டைசர் வேலை, அதாவது துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களிடம் ஆர்டர் பற்றிப் பேசுவது. ஆங்கிலத்தில் மெயில் எல்லாம் பிழையில்லாமல் எழுதுவாள். பேச்சில்தான் சிக்கல். இதற்காக ஆபீஸில் சிரிக்கிறார்களாம். கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது.

கட்டி அனுப்புவதும் பேக், முதுகுப்பக்கமும் பேக். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் முதல் சொல்லின் 'ப'வோடு காற்று வேகமாக வெளியே வரும். நம் 'ப'வில் அந்தக் காற்று இல்லை. அதனால் அவர்கள் காதில் சொல் மாறி விழுகிறது. பனியன் மடிப்புக்குள் வைக்கிற டிஷ்யூ பேப்பரை உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொன்னேன். முதலில் தாள் அசையவே இல்லை. "இன்னொரு வாட்டி, கண்ணு." இருபது தடவைக்கு மேல் இருக்கும், ஓரம் படபடவென்று துடித்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அப்புறம் வெஸ்ட். பனியன் என்றால் மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். மேற்குத் திசை என்றால் பல் படாமல் உதடு குவிய வேண்டும். துணிமணியைச் சொல்லும் க்ளோத்ஸ் ஒரே அசை, க்ளோ-த்தஸ் என்று இரண்டாக உடைக்கக் கூடாது.

இன்று மதியம் போன் செய்தாள். "மாமா, பேக்கிங் பத்தி ஒரே வாட்டில புரிஞ்சுக்கிட்டாங்க!"

அந்தத் தாளை இன்னும் கைப்பையில் வைத்திருக்கிறாளாம்.