ஆலிசனின் கட்டுரைப் பட்டியலைத் தொகுத்த கதை

பிஎச்டி கோர்ஸ்வொர்க்கில் ஆராய்ச்சி நெறிமுறைகளுக்கென்று 2 கிரெடிட் தாள் ஒன்று இருக்கிறது. 2019 இறுதியில் யுஜிசி கட்டாயமாக்கியது. அதன் கடைசிப் பகுதி மேற்கோள் அளவீடுகள். எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு விஞ்ஞானியை எடுத்து, அவர் எழுதியவை என்ன, அவை யாரையெல்லாம் எட்டின என்று காட்டச் சொன்னார்கள். நான் ஜேம்ஸ் ஆலிசனை எடுத்தேன். உடலின் நோய் எதிர்ப்பாற்றலைக் கொண்டே புற்றுநோயை எதிர்க்கும் இம்யூனோதெரபிக்காக 2018 மருத்துவ நோபலை ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவோடு பகிர்ந்துகொண்டவர். என் ஆய்வும் நோய் எதிர்ப்புக்கான டி செல் பக்கம்தான் என்பதால் படித்தது வீணாகாது என்ற கணக்கும் இருந்தது.

முதல் வேலை மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல் தளமான பப்மெட். ஆலிசன் ஜேபி என்று தேடினால் பெரும்பாலும் அவர்தான் வருகிறார். ஆனால் ஜே என்ற ஒற்றை இனிஷியலோடு தேடினால் சம்பந்தமே இல்லாத ஆலிசன்கள் வந்து குவிகிறார்கள். 2002க்கு முந்தைய பதிவுகளில் ஆசிரியரின் முழுப்பெயர் கிடையாது, இனிஷியல் மட்டும்தான். முகவரியை வைத்துப் பிரிக்கலாம் என்றால், 1988 முதல் 2013 வரை முதல் ஆசிரியரின் முகவரியை மட்டும்தான் பதிந்திருக்கிறார்கள். ஆய்வகத் தலைவர் பெரும்பாலும் கடைசிப் பெயர். அதனால் அவர் எந்த ஆண்டு எங்கே இருந்தார் என்று தனியாக எழுதி வைத்துக்கொண்டேன்: 80களின் தொடக்கத்தில் டெக்சாஸின் ஸ்மித்வில், 1985 முதல் பெர்க்லி, 2004 முதல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங், 2012 முதல் ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன். இந்தச் சீட்டு கையில் இருந்தால் சல்லடை போடுவது சுலபம். அவருடைய மனைவியும் சக ஆய்வாளருமான பத்மனி சர்மாவை எடுத்திருந்தால் என் கதி என்ன என்று யோசித்துப் பார்த்தேன். சர்மா பி என்று தேடிப் பாருங்கள், புரியும்.

அடுத்து மேற்கோள்களின் எண்ணிக்கை. கூகுள் ஸ்காலர் ஒரு கணக்குச் சொல்லும், ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம் அதைவிடக் குறைவாகச் சொல்லும். ஸ்காலர் ஆய்வேடு, புத்தகம், முன்பிரதி எல்லாவற்றையும் அள்ளிக்கொள்கிறது. ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்களோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை மாற்றாமல் இருந்தால் போதும்.

ஆய்வாளரை மேற்கோள்களால் எடைபோடும் எச்-இண்டெக்ஸ் 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொடுத்தது. 50 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 50 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் எச் 50. ஆலிசன் மாதிரி ஆளுக்கு இது எதையும் சொல்வதில்லை என்பது என் கருத்து. சில நூறு மேற்கோள் வாங்கிய சாதாரணக் கட்டுரைக்கும், ஒரு துறையையே திருப்பிப் போட்ட கட்டுரைக்கும் அந்தக் கணக்கில் ஒரே மதிப்பு.

திருப்பிப் போட்டது 1996இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை. லீச், கிரம்மல், ஆலிசன் என்று மூன்றே பெயர்கள். டி செல்லின் மேல் சிடிஎல்ஏ-4 என்ற பிரேக் இருக்கிறது. அதை ஆன்டிபாடியால் அடைத்தால் எலியின் உடலே கட்டியை அழித்துவிடுகிறது என்று காட்டியது. அதே எலிக்கு மறுபடி புற்றுச் செல்லைக் கொடுத்தாலும் கட்டி வளரவில்லை.

இது மனிதரிடம் பலிக்கிறது என்று நிரூபித்த கட்டுரை 2010இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் முற்றிய 676 பேர். ஜிபி100 தடுப்பூசி மட்டும் பெற்றவர்களில் இடைநிலை ஆயுள் 6.4 மாதம், சிடிஎல்ஏ-4ஐ அடைக்கும் ஆன்டிபாடி மருந்தான இபிலிமுமாப் பெற்றவர்களில் சுமார் 10 மாதம். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி. என் பட்டியலில் இந்தக் கட்டுரையைத் தேடினேன். இல்லை. வடிகட்டியதில் விட்டுப்போனதோ என்று மூலத்தைத் திறந்து ஆசிரியர் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஹோடி, ஓ'டே என்று நீள்கிறது வரிசை, ஆலிசன் அதில் இல்லவே இல்லை. அவருடைய 1996 கட்டுரையைவிட இதற்கு மேற்கோள்கள் அதிகம், அதில் ஒன்றுகூட அவர் கணக்கில் சேராது!

அப்புறம்தான் வேலையின் போக்கை மாற்றினேன். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் தளம் இலவசம். பப்மெட் எண்களை மொத்தமாக ஒட்டினால், ஒவ்வொரு கட்டுரையையும் எத்தனை மருத்துவப் பரிசோதனைக் கட்டுரைகள் மேற்கோள் காட்டின என்று தனி நெடுவரிசையில் தருகிறது. அதை வைத்து அடுக்கியபோது பட்டியலின் முகமே மாறியது. ஆலிசனுக்கு முன்னால் இருந்தவர்களையும் சேர்த்தேன். சிடிஎல்ஏ-4 மரபணுவை 1987இல் முதலில் கண்டறிந்தது பிரான்ஸில் பியேர் கோல்ஸ்டைன் குழு. அது பிரேக்தான் என்று ஆலிசன் ஆய்வகம் சொன்ன அதே காலத்தில் ஜெஃப்ரி புளூஸ்டோன் என்ற இன்னொரு விஞ்ஞானியின் ஆய்வகமும் சொன்னது.

ஹோஞ்சோவை ஒப்பீட்டுக்காக மட்டும் தொட்டேன். அவருடைய குழு 1992இல், டி செல்லின் இன்னொரு பிரேக்கான பிடி-1ஐ அறிவித்த கட்டுரையின் தலைப்பு செல் சாவைப் பற்றியது. புற்றுநோய் என்ற சொல்லே தலைப்பில் இல்லை. முதல் ஐந்தாண்டு மேற்கோளை மட்டும் பார்த்து எடைபோடும் குழு எதுவும் அதன் பின்விளைவை ஊகித்திருக்காது.

வகுப்பில் நான் காட்டியது 1987இல் மரபணுவில் தொடங்கி 2011இல் மருந்து அனுமதி வரை வந்த இந்தத் தொடர்ச்சியைத்தான். எச்-இண்டெக்ஸ் எங்கே என்று பேராசிரியர் கேட்டார். மதிப்பெண் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறதாம். சரி என்று கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன், எந்தத் தளத்தில் எந்தத் தேதியில் எடுத்தது என்ற குறிப்போடு.