இரண்டு ஷிப்டு

அதிர்வைத் தாங்கும் எங்கள் ரப்பர் புஷ்ஷுக்குள் போகும் எஃகு ஸ்லீவை, அதாவது சிறு குழாய்த் துண்டை, தொடர்ந்து வெளியே கடையக் கொடுப்பதா, கணினி இயக்கும் சிஎன்சி லேத் ஒன்றை வாங்கி மதுரை கப்பலூரில் உள்ள எங்கள் ஆலையில் நாமே கடைவதா என்ற கேள்விக்கு நான் தயாரித்துக் கொடுத்த கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதே சங்கடமாக இருக்கிறது.

அதுவரை எங்களுக்குக் கடைந்து கொடுத்தவர் புதூர் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருந்த ஒருவர். அவருக்குக் குழாயை நாங்களே டெலிவரி சலான் போட்டு அனுப்புவோம். அவர் வெட்டி, கடைந்து, விளிம்பை மழுக்கித் திருப்பி அனுப்புவார். கூலி ஸ்லீவுக்கு 9 ரூபாய். பொருள் எங்களுடையது என்பதால் ஒப்பிட வேண்டியிருந்தது கூலியை மட்டும்தான். இயந்திரம் 18 லட்ச ரூபாய். 15 சதவீதத் தேய்மானமும் 10 சதவீத வட்டியும் சேர்ந்து மாதம் 37,500 ரூபாய் ஆகிறது. ஆபரேட்டர் சம்பளம், கரண்ட், தேயத் தேய மாற்றும் வெட்டு முனையான இன்சர்ட் ஆகியவற்றுக்கு ஸ்லீவுக்கு 4 ரூபாய். இரண்டு ஷிப்டு ஓட்டி மாதம் 15,000 கடைந்தால் அடக்கம் 6 ரூபாய் 50 காசு. ஒரே ஷிப்டில் 7,500 கடைந்தால் சரியாக 9 ரூபாய், அதாவது வெளியே கொடுக்கிற அதே கூலி. அன்று எங்கள் கையிலிருந்த ஆர்டர் 7,500-ஐ ஒட்டித்தான் இருந்தது. நான் இரண்டு ஷிப்டு என்று எழுதினேன்.

அது பொய் அல்ல. புதிய வாடிக்கையாளர் ஒருவர் விலை கேட்டு எழுதியிருந்தார், மாதிரிகளும் போயிருந்தன. ஆனால் முதலாளி என்னைக் கணக்குப் போடச் சொல்லும்போது இயந்திரத்துக்கான கொட்டேஷன் ஏற்கெனவே அவர் மேசையில் இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

விஷயத்தைச் சொல்ல அந்தப் பட்டறைக்காரரை வரவழைத்தபோது, சும்மா சொல்லி அனுப்பாமல் கணக்குத் தாளையே அவர் முன் வைத்தேன். மரியாதைக்காகச் செய்தேன் என்று அப்போது நினைத்தேன். தாளின் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்று இப்போது சில நாட்களில் தோன்றுகிறது. வழக்கமாக என்னைச் சார் என்று அழைப்பவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்துவிட்டு, "ரெண்டு ஷிப்டுக்கு வேலை இருக்கா தம்பி?" என்று கேட்டார். "வரும்ணே" என்றேன். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதிக் குழாயை என்றைக்கு அனுப்பட்டும் என்று கேட்டார். கூலியைக் குறைத்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை பேரம் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவர் கேட்டது வேலை இருக்கிறதா என்று. நான் சொன்னது வரும் என்று.

எங்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஸ்லீவில் எண்ணெய்ப் பிசுக்கோ துருவோ லேசாக இருந்தாலும் பசை பிடிக்காமல் ரப்பர் உலோகத்தை விட்டு உரிந்துவிடும். ஐப்பசி மழையில் குட்டியானையில் ஊரைக் கடந்து வந்த ஸ்லீவுகளில் துரு பூத்து, மணல் அடித்துத் துருவை நீக்கப் பார்த்தும் தேறாமல் கழிவான பெட்டிகளை நானே எண்ணியிருக்கிறேன். உள்ளேயே கடையத் தொடங்கிய பிறகு அந்தக் கழிவு கண்கூடாகக் குறைந்தது. அழகர் புதூர் வழியாக வரும் சித்திரைத் திருவிழா நாட்களில் வண்டி வராது என்பதும் முதலாளி சொன்ன காரணங்களில் ஒன்று. ஆனால் அந்த நாட்களுக்கு வேண்டியதைப் பட்டறைக்காரர் ஒவ்வோர் ஆண்டும் முன்கூட்டியே இரவில் கடைந்து அனுப்பிவிடுவார். துருவால் ஆன நஷ்டத்தையும் நான் கணக்கில் எழுதவில்லை, அந்த இரவு வேலையையும் எழுதவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி அவருக்கு 45 நாட்களுக்குள் பணம் போயிருக்க வேண்டும்; நாங்கள் எழுபது, எண்பது நாள் இழுத்துக்கொண்டிருந்தோம், அவரும் கேட்டதில்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கு அப்படி இழுத்த தொகையை, உண்மையில் கொடுத்து முடித்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்று வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் சொன்ன பிறகுதான், உள்ளேயே கடைந்தால் என்ன என்ற பேச்சு எங்கள் அலுவலகத்தில் எழுந்தது. அவரைப் போன்றவர்களைக் காக்க வந்த விதி அவருக்கு இப்படி வினையாக முடிந்ததை அவர் அறிவாரா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

புதிய வாடிக்கையாளர் இன்னும் மாதிரிகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறார். மாலை ஷிப்டு தொடங்கவில்லை. அவ்வப்போது அந்தக் கோப்பைத் திறந்து, 2 என்று இருக்கும் கட்டத்தில் 1.5 என்று போட்டுப் பார்க்கிறேன். 7 ரூபாய் 33 காசு வருகிறது. அப்போதும் வாங்குவதே லாபம். ஆனால் ஒன்றரை ஷிப்டுக்கான வேலையும் அன்று எங்கள் கையில் இல்லை.