நார்ச்சத்தும் தாவரச் சாறும்: ஒரே அலமாரியில் இரு வேறு பொருள்கள்

உடல் எடையைக் குறைக்கவும் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவும் விற்கப்படும் துணை உணவுப் பொருள்களில், "முழுக்க முழுக்கத் தாவரத்திலிருந்து" என்ற வாசகம் இல்லாத டப்பா இன்று அரிது. அந்த ஒரு வாசகத்தின் கீழ் முற்றிலும் வேறுபட்ட இரண்டு வகைப் பொருள்கள் அருகருகே அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, இரத்தத்தில் கலக்காமல் குடலுக்குள்ளேயே இருந்துகொண்டு கிராம் கணக்கில் வேலை செய்யும் நார்ச்சத்து. மற்றொன்று, மில்லிகிராம் கணக்கில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைக் கடந்து, மருந்தைப் போலவே செயல்படும் தாவரச் சாறு. உணவியல் ஆலோசகராக நான் எதிர்கொள்ளும் குழப்பங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதிலிருந்தே பிறக்கின்றன என்பதால் இதை விரிவாக எழுத விரும்புகிறேன்.

நம் குடலில் சுரக்கும் எந்த நொதியாலும் உடைக்க முடியாத சில மாவுப்பொருள்கள், சிறுகுடலைத் தாண்டி அப்படியே பெருங்குடலை அடைகின்றன. அங்கு வாழும் நன்மை தரும் நுண்ணுயிரிகள் அவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து உண்டு பெருகுகின்றன. இந்தக் கருத்துக்கு கிளென் கிப்சனும் மார்செல் ராபர்ஃப்ராய்டும் 1995-இல் பிரீபயாடிக் என்று பெயரிட்டார்கள். எல்லா நார்ச்சத்தும் பிரீபயாடிக் ஆகிவிடாது. சிக்கரி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் இனுலின், அதன் குறுகிய வடிவமான ஒலிகோஃபுருக்டோஸ், லாக்டோஸிலிருந்து தயாரிக்கப்படும் கேலக்டோ ஒலிகோசாக்கரைடு ஆகியவையே அதிகம் ஆராயப்பட்டவை. வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றிலும் இனுலின் இயல்பாகவே உண்டு.

நுண்ணுயிரிகள் இவற்றை நொதிக்கச் செய்யும்போது அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்னும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. பியூட்டிரேட் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முதன்மையான எரிபொருள். புரோபியோனேட்டின் பெரும்பகுதி கல்லீரலுக்குச் செல்கிறது. இவ்வமிலங்கள் குடல் சுவரிலுள்ள எல் செல்களைத் தூண்டி, பசியைத் தணிக்கும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகிய ஹார்மோன்களைச் சுரக்க வைக்கவும் வல்லவை. இதுவரை அறிவியல் சரிதான். ஆனால் விளம்பரங்கள் இங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, செமக்ளூடைடு என்னும் எடைக் குறைப்பு ஊசி மருந்தும் ஜிஎல்பி-1 வழியாகவே செயல்படுகிறது, ஆகவே இந்தப் பொடியும் அதே பலனைத் தரும் என்று சொல்லிவிடுகின்றன. உடலில் இயல்பாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 ஓரிரு நிமிடங்களிலேயே சிதைந்துவிடுகிறது. செமக்ளூடைடோ ஒரு வாரம் கழித்தும் பாதியளவு இரத்தத்தில் எஞ்சியிருக்கும்படி வடிவமைக்கப்பட்ட மூலக்கூறு. 2021-இல் வெளியான பெரிய ஆய்வில் அம்மருந்தைப் பெற்றவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தார்கள். மருந்தே இல்லாத மருந்துப்போலியைப் பெற்றவர்களிடம் 2.4 விழுக்காடு எடை மட்டுமே குறைந்தது. எந்த நார்ச்சத்தும் அந்த அளவின் அருகில்கூட வந்ததில்லை.

அப்படியானால் நார்ச்சத்தால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. அதன் அளவை உள்ளபடி அறிந்துகொள்ள வேண்டும். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், அதிக எடையுள்ளவர்கள் நாள்தோறும் 21 கிராம் ஒலிகோஃபுருக்டோஸை 12 வாரங்கள் உட்கொண்டபோது ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்தார்கள். மருந்துப்போலி பெற்றவர்கள் ஏறத்தாழ அரைக் கிலோ கூடினார்கள். இந்த 21 கிராம் என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு கடையில் கிடைக்கும் மாத்திரை டப்பா ஒன்றின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு கேப்சூலில் 500 மில்லிகிராம், நாளொன்றுக்கு இரண்டு என்றிருந்தால், நீங்கள் பெறுவது ஒரு கிராம் மட்டுமே. ஆய்வில் கொடுத்த அளவை எட்ட நாளொன்றுக்கு 42 கேப்சூல்களை விழுங்க வேண்டியிருக்கும். டப்பாவின் முன்பக்கம் ஆய்வைக் காட்டி விற்கிறது. பின்பக்கம் அந்த ஆய்வின் அளவில் இருபத்தொன்றில் ஒரு பங்கைத்தான் தருகிறது. என்னிடம் ஒருவர் புதிய டப்பாவைக் காட்டும்போது நான் முதலில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான்.

எடையைக் குறைப்பதைவிட, எடை கூடாமல் காப்பதிலேயே இவற்றின் பங்கு தெளிவாக இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இனுலினோடு புரோபியோனேட்டைப் பிணைத்து, அது பெருங்குடலில் மட்டுமே விடுபடும்படி ஒரு பொருளை உருவாக்கினார்கள். 2015-இல் வெளியான முடிவின்படி, அதை நாளொன்றுக்கு 10 கிராம் வீதம் 24 வாரங்கள் உட்கொண்டவர்களிடம், வெறும் இனுலினைப் பெற்றவர்களைவிட எடை கூடுவது தெளிவாகக் குறைந்திருந்தது. இதைவிட ஊக்கமளிக்கும் முடிவு 2024-இல் சீனாவிலிருந்து வந்தது: அதிக எடையுள்ள 37 பேர், சமச்சீர் உணவுடன் நாள்தோறும் 40 கிராம் செரிக்காத மாவுச்சத்தை 8 வாரங்கள் உட்கொண்டபோது சராசரியாக 2.8 கிலோ குறைந்தார்கள். ஆனால் 37 பேரிடம் கிடைத்த முடிவை எல்லாருக்குமான வாக்குறுதியாக மாற்றிவிடக் கூடாது.

வளர்சிதை மாற்றம் என்று வரும்போது எடை பார்க்கும் கருவி காட்டாததை இரத்தப் பரிசோதனை காட்டுகிறது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இசப்கோல் உமி. கண்டிப்பாகப் பார்த்தால் அதைப் பிரீபயாடிக் என்று சொல்வது கடினம்; நுண்ணுயிரிகளால் அதை அதிகம் நொதிக்கச் செய்ய முடியாது. அதன் வலிமையே அதுதான். ஒரு தேக்கரண்டி உமியை ஒரு குவளை நீரில் கலக்கிச் சில நிமிடங்கள் வைத்திருங்கள். முதலில் மிதக்கும் துகள்கள் ஒவ்வொன்றும் ஊதி, ஒன்றோடொன்று ஒட்டி, பிறகு கரண்டியைத் தூக்கினால் நீர் சொட்டாமல் கொழகொழவென்று கூழாகத் தொங்கும். இதே கூழ் சிறுகுடலில் உணவோடு கலந்து சர்க்கரை உறிஞ்சப்படும் வேகத்தைக் குறைக்கிறது. பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. இழந்த பித்த அமிலத்தை ஈடுசெய்யக் கல்லீரல் இரத்தத்திலுள்ள எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்ட்ராலை எடுத்துப் பயன்படுத்துவதால் அதன் அளவு குறைகிறது. நாளொன்றுக்கு இசப்கோலின் 7 கிராம் கரையும் நார்ச்சத்தோ, ஓட்ஸ், பார்லியின் 3 கிராம் பீட்டா குளுக்கானோ இதய நோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று குறிப்பிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்திருப்பது இந்த அடிப்படையில்தான். எடை அசையவில்லை என்று ஏமாற்றமடைந்து, எல்டிஎல் குறைந்திருப்பதைப் பார்க்காமலேயே இதை நிறுத்திவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

உட்கொள்ளும் முறையும் முக்கியம். இனுலினை முதல் நாளே 10 கிராம் எடுத்தால் வயிறு உப்புசமும் வாயுத் தொல்லையும் ஏறக்குறைய உறுதி. இரண்டு மூன்று கிராமில் தொடங்கி வாரந்தோறும் சிறிது கூட்டுவதே நல்லது. எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கூழாகும் நார்ச்சத்தைப் போதிய நீரின்றி விழுங்குவது ஆபத்தானது. கொன்யாக் கிழங்கிலிருந்து கிடைக்கும் குளுக்கோமன்னானை, கலோரி குறைந்த உணவோடு நாளொன்றுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு கிராம் என உணவுக்கு முன் எடுப்பது எடைக் குறைப்புக்கு உதவும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்றிருக்கிறது. அதே பரிந்துரையில் ஒன்றிரண்டு குவளை நீருடன் என்ற நிபந்தனையும் இருக்கிறது, ஏனெனில் அது தொண்டையிலேயே வீங்கி அடைத்துவிடக்கூடும். தைராய்டு மாத்திரை போன்ற மருந்துகளின் உறிஞ்சலையும் இவை தடுக்கலாம் என்பதால் இடைவெளி விட்டு உட்கொள்ள வேண்டும். அளவு கூடினால் பலனும் கூடும் என்ற எண்ணமும் சரியல்ல. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், இனுலின் நாளொன்றுக்கு 30 கிராமை எட்டியபோது சிலரிடம் அழற்சிக் குறியீடுகளும் கல்லீரல் நொதியும் உயர்ந்தன.

தாவரச் சாறுகளின் கதை வேறு. குடம்புளியின் சாறான கார்சினியா கம்போஜியாவைப் பற்றி 1998-லேயே 135 பேரிடம் 12 வாரங்கள் முறையான ஆய்வு நடந்தது. மருந்துப்போலிக்கும் அதற்கும் எடைக் குறைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் இன்றும் அது விற்கப்படுகிறது, அதை உட்கொண்டவர்களிடம் கல்லீரல் பாதிப்புகளும் பதிவாகியிருக்கின்றன. பச்சைத் தேயிலையைத் தேநீராகப் பருகுவது வேறு, அதன் செறிவூட்டிய சாற்றை மாத்திரையாக விழுங்குவது வேறு. அதிலுள்ள இஜிசிஜி என்னும் பொருள் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் துணை உணவாகச் சென்றால் கல்லீரல் நொதிகள் உயர்வதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது.

மரமஞ்சள் போன்ற தாவரங்களிலிருந்து கிடைக்கும் பெர்பெரினை நான் இந்த வரிசையில் தனியாக வைக்கிறேன், ஏனெனில் அது வேலை செய்கிறது. சிறிய ஆய்வுகளில் இரத்தச் சர்க்கரையையும் எல்டிஎல்லையும் அது குறைத்திருக்கிறது. வேலை செய்கிறது என்பதாலேயே அதை மருந்தாக மதிக்க வேண்டும்: கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அது தடுப்பதால், உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் தரப்படும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளின் அளவு இரத்தத்தில் கூடிவிடும், நீரிழிவு மருந்துகளோடு சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழலாம், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அதைத் தொடவே கூடாது. எடைக் குறைப்பு என்ற பெயரில் வரும் மூலிகை மாத்திரைகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இதய நோய் அபாயத்தால் 2010-இல் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்ட சிபுட்ரமின் என்னும் மருந்து, முகப்புச் சீட்டில் குறிப்பிடப்படாமல் இத்தகைய மாத்திரைகளில் கலந்திருப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மீண்டும் மீண்டும் கண்டறிந்திருக்கிறது. "இது வெறும் மூலிகைதானே" என்று சொல்லி மருத்துவரிடம் மறைக்கப்படும் மாத்திரையே என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தை, உணவில் இயல்பாக உள்ள வடிவில், பரிந்துரைக்கிறது. முழுத் தானியம், பருப்பு, பயறு, காய், பழம் ஆகியவற்றால் அந்த அளவை எட்டுபவர்களுக்குப் பொடி தேவைப்படுவதில்லை. எட்ட முடியாதவர்களுக்கும், எல்டிஎல் சற்றே உயர்ந்திருப்பவர்களுக்கும், மலச்சிக்கலால் அவதிப்படுபவர்களுக்கும் நான் இசப்கோலைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். தொடங்குவதற்கு முன் கொலஸ்ட்ராலையும், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவையும் பரிசோதித்து வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள்கள் வாழ்வதால், எச்பிஏ1சியில் மாற்றம் முழுமையாகத் தெரிய ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகும். மறுபரிசோதனையை அதன் பிறகு வைத்துக்கொள்வதே பொருத்தம்.