மண்ணுக்கு நாடி பார்ப்போம்

பூமியைத் தாய் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். தாய்க்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று தொட்டுப் பார்ப்பவர்கள்தான் குறைவு. காற்று, கடல், பாறை, உயிர்கள் எல்லாம் ஒன்றையொன்று சரிசெய்துகொண்டு ஒரே அமைப்பாக இயங்குகின்றன என்று 1970-களில் ஜேம்ஸ் லவ்லாக்கும் லின் மார்குலிஸும் எழுதினார்கள். அதை எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். காலடியில் இருக்கும் மேல்மண்ணுக்கு உயிர் இருக்கிறதா என்பதற்கு வாதம் தேவையில்லை, சோதித்தே பார்த்துவிடலாம்.

முதலில் தண்ணீர்ச் சோதனை. மேல் 5 செ.மீ. மண்ணிலிருந்து சுண்டைக்காய் அளவில் நாலைந்து கட்டிகளை எடுத்து, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பி, டீ வடிகட்டியை அதில் பாதி முங்கும்படி வைத்து, கட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே விடுங்கள். உயிருள்ள மண் ஐந்து நிமிடம் ஆனாலும் கட்டியாகவே நிற்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். செத்த மண் அரை நிமிடத்தில் பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீரைக் கலக்கிவிடும். காரணம் இதுதான்: தண்ணீர் உள்ளே பாயும்போது துளைகளில் அடைபட்ட காற்று நெருக்கப்பட்டு, கட்டியை உள்ளிருந்து வெடிக்க வைக்கிறது. பூஞ்சை இழைகளும் பாக்டீரியா சுரக்கும் பிசினும் துகள்களைக் கட்டிப்போட்டிருந்தால்தான் அந்த நெருக்கத்தைத் தாங்கும். மழையில் மண் கரைந்து ஓடுவதும், பிறகு மேலே பொருக்குத் தட்டுவதும் இதே கதையின் பெரிய வடிவம்.

பலர் சறுக்குவது காயவைப்பதில்தான். ஈரக் கட்டியைப் போட்டால் உள்ளே காற்று குறைவு, எந்த மண்ணும் தேறிவிடும். மணற்பாங்கான மண்ணில் கட்டியே உருவாகாது, அங்கே இந்தச் சோதனை செல்லாது. நிறத்தையும் நம்ப வேண்டாம். சில மண்ணுக்குக் கறுப்பு கனிமத்தால் வருவது, மட்கால், அதாவது மட்கிப்போன இலைதழையால், அல்ல.

அடுத்தது உறிஞ்சும் வேகம். 15 செ.மீ. விட்டமுள்ள, இரண்டு பக்கமும் திறந்த டப்பாவை மண்ணில் பாதிக்கு அழுத்துங்கள். உள்ளே 440 மி.லி. தண்ணீர் ஊற்றினால் 2.5 செ.மீ. உயரம் நிற்கும். முதல் தடவை ஊற்றுவது நனைக்க மட்டும். இரண்டாவது தடவை அதே அளவு ஊற்றி, அது முழுவதும் மண்ணுக்குள் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறிக்க வேண்டும். டப்பா சாய்ந்திருந்தாலும், ஓரமாகத் தண்ணீர் கசிந்தாலும் கணக்கு பொய்யாகிவிடும். மூன்று இடங்களிலாவது செய்யுங்கள்.

மண்புழுவை எண்ணுவதென்றால் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 20 செ.மீ. இருக்கும்படி ஒரு கட்டியை வெட்டி, துணியில் கொட்டி உதிர்த்துப் பாருங்கள். கோடையில் எண்ணிவிட்டு மனம் உடைய வேண்டாம். மண் காய்ந்தால் அவை ஆழத்துக்குப் போய்விடும்.

மூன்றும் தேறவில்லை என்றால் உடனே உரம் தேடி ஓடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மண்ணுயிர்களின் சாப்பாட்டில் பெரும்பங்கு உயிருள்ள வேரிலிருந்து கசியும் சர்க்கரை. வேரில்லாத வெற்று நிலத்தில் அவை பட்டினி கிடக்கின்றன. அதனால் முதல் வேலை, ஏதாவது ஒரு செடி எப்போதும் நிற்கும்படி பார்ப்பது. இரண்டாவது, கிளறுவதைக் குறைப்பது. ஒவ்வொரு உழவும் பூஞ்சை இழைகளை அறுக்கிறது. மூன்றாவது மூடாக்கு: காய்ந்த இலை, வைக்கோல் 5 முதல் 10 செ.மீ. கனத்துக்கு. தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும், நாலு விரல் இடைவெளி விடுங்கள். மரத்தூளை மேலே பரப்பலாம், மண்ணுக்குள் கலக்கக் கூடாது. அதை மட்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், பயிர் வெளிறிப்போகும்.

அடுத்த வருடம் அதே இடத்தில், அதே பருவத்தில், மண் அதே ஈரத்தில் இருக்கும்போது சோதனைகளைத் திரும்பச் செய்யுங்கள். மாற்றம் பெரும்பாலும் தண்ணீர்ச் சோதனையில்தான் முதலில் தெரியும். மட்கின் அளவு ஏற இன்னும் பல வருடம் பிடிக்கும்.