தொண்டிக்கு இரண்டு முகவரி

ராமநாதபுரம் கரையோரத்து இணையதளங்களுக்குக் கூட்டம் சீராக வருவதில்லை. ஆடி அமாவாசையோ தை அமாவாசையோ நெருங்கினால் ராமேஸ்வரம் லாட்ஜ்களின் தளங்கள் திணறும். ஜூன் 14ஆம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் மீன் விலை போடும் தளங்களில் நெரிசல் தொடங்கும். வடகிழக்குப் பருவமழையில் பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி பரவினால், மண்டபத்திலிருந்து மூக்கையூர் வரை எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுப்பார்கள். மற்ற நாட்களில் சர்வருக்குப் பெரிதாக வேலை இருக்காது.

இந்த மாதிரித் தளங்களைப் பராமரிப்பதுதான் என் வேலை. எங்கேயோ, யாருக்காகவோ எழுதி வைத்த கன்ஃபிக்கை (சர்வர் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பை) எடுத்து ஒட்டி இந்தத் தளங்களை ஓட்ட முடியாது என்பது இத்தனை காலத்தில் எனக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. பக்கத்தைத் திறக்கப்போகிறவர் எங்கே நிற்கிறார், அவர் கையில் என்ன போன் இருக்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஆள் படகு அணையும் ஜெட்டியில் நிற்கிறார். சிக்னல் ஒரு கோடு காட்டும். கடல் பக்கம் நாலடி நடந்தால் அதுவும் போய்விடும்.

இந்தத் தளங்களின் பக்கங்களை அனுப்பிவைப்பது அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள். அதன் பழைய ப்ரீஃபோர்க் முறையில் ஒரு இணைப்புக்கு ஒரு பிராசஸ், அதாவது தனியாக ஓடும் ஒரு நிரல், ஒதுக்கப்பட்டுவிடும். பக்கத்தைத் தயாரிக்கும் பிஎச்பி மொழியும் அதற்குள்ளேயே ஏறியிருந்தால் ஒரு பிராசஸ் 40 எம்பி ரேம் பிடிப்பது சாதாரணம். ஒரே நேரத்தில் எத்தனை பிராசஸ் ஓடலாம் என்று சொல்லும் மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸ் எண், நாம் தொடாவிட்டால் 256. பெருக்கிப் பாருங்கள், 10,000 எம்பியைத் தாண்டும். நம் ஊர் லாட்ஜ்காரர் வாடகைக்கு எடுத்திருப்பதோ 2 ஜிபி சர்வர். டேட்டாபேஸுக்கும் மற்றதற்கும் 600 எம்பி விட்டால் மிச்சம் 1,400 சொச்சம், அதாவது 35 பிராசஸ். கூட்டம் வரும் நாளில் அதற்கு மேல் விட்டால் சர்வர் டிஸ்கை ரேமாகப் பயன்படுத்தத் தொடங்கும். அப்புறம் யாருக்குமே பக்கம் வராது. முப்பதில் நிறுத்தி, மீதிப்பேரைக் கொஞ்சம் வரிசையில் நிற்க விடுவதே மேல். வரிசையில் நிற்பவருக்குத் தாமதமாகவாவது பக்கம் கிடைக்கும்.

ஆனால் அந்த முப்பதும் சீக்கிரம் விடுபட வேண்டுமே. ஒரு கோடு சிக்னலில் இருப்பவர் பக்கத்தை இறக்கி முடிக்கும்வரை ஒரு பிராசஸ் அவருக்காகக் காத்து நிற்கலாம். இறக்கி முடித்த பிறகும், அடுத்து ஏதாவது கேட்பாரோ என்று கீப்அலைவ் என்ற அமைப்பு இணைப்பைத் துண்டிக்காமல் 5 வினாடி வைத்திருக்கும். கீப்அலைவை அடியோடு அணைத்துவிடு என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். நம் கரைக்கு அது சரிவராது. அணைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக இணைப்பு போட வேண்டும். பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்பு என்றால், தொடங்கும் முன் இரு பக்கமும் செய்துகொள்ளும் 'கைகுலுக்கல்' வேறு. நல்ல சிக்னலில் இது தெரியாது, ஜெட்டியில் தெரியும். அதனால் நான் செய்வது, முதலில் அந்த 5 வினாடியை 2 ஆக்குவது. அப்புறம் சமயம் பார்த்து ஈவென்ட் முறைக்கு மாறி, பிஎச்பியை அப்பாச்சிக்கு வெளியே, எஃப்பிஎம் என்ற தனி நிரலில் ஓட விடுவது. ஈவென்ட் முறையில் சும்மா காத்திருக்கும் இணைப்புகளுக்கென்று சர்வரில் தனிப் பணியாள் ஒதுக்கப்படுவதில்லை. 2.4 பதிப்பு 2012இல் வந்தபோதே இந்த முறை நிலையானதாகிவிட்டது. ஆனாலும் பழைய முறையிலேயே ஓடும் தளங்கள் இன்னும் என் கைக்கு வருகின்றன.

பக்கத்தைச் சுருக்கி அனுப்புவதில் தமிழுக்கு ஒரு கூடுதல் லாபம் உண்டு. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். அதில் முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவது பைட்டாக வருவதும் இரண்டே வகைதான். இப்படித் திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவது ஜிசிப் என்ற சுருக்கும் முறைக்கு மிகவும் எளிது. தமிழ்ப் பக்கத்தைச் சுருக்காமல் அனுப்பும் தளத்தைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ஒரு வரி சேர்த்தால் போதும்.

இனி ரீரைட் ரூல்கள், அதாவது கேட்ட முகவரியை வேறொன்றாக மாற்றச் சொல்லும் விதிகள். ஒரு மீன் விலைத் தளத்தில் ஊர்ப் பெயர்களைத் தமிழிலேயே முகவரியாக வைத்திருந்தோம். தொண்டியிலிருந்து ஒரு கருவாட்டு வியாபாரி போன் செய்தார்.

"தம்பி, எனக்குத் திறக்குது. மச்சான் போன்ல பக்கமே இல்லைன்னு வருது. ரெண்டும் ஒரே லிங்க்தானே?"

"மச்சானுக்கு லிங்க் யார் அனுப்புனா காக்கா?"

"டிடிபி சென்டர்ல ஊர்ப் பட்டியல் அடிச்சுக் குடுத்தாங்க. அதுல இருந்துதான்."

கண்ணுக்கு இரண்டும் 'தொண்டி'தான். சர்வர் லாகை (வந்த கோரிக்கைகளின் பதிவேட்டை) திறந்து பார்த்தால் வேறு வேறு. ஒன்றில் 'தொ' என்பதன் ஒகரக்குறி ஒரே குறியீடாக இருக்கிறது. மற்றதில் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக, த, ெ, ா என்று கிடக்கின்றன. பழைய எழுத்துருவில் அடித்து யுனிகோடுக்கு மாற்றிய உரையில் இப்படி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். திரை இரண்டையும் ஒரே மாதிரி வரைந்துவிடும். சர்வர் பைட்டைத்தான் பார்க்கும், அதனால் அதற்கு இவை இரண்டு ஊர். தனுஷ்கோடியின் 'கோ'வுக்கும் இதே கதைதான்.

முன்பு அந்தத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இதற்கு ஒரு ரீடைரக்ட் (சரியான முகவரிக்குத் திருப்பிவிடும் ரூல்) போட்டு வைத்திருந்தார்கள். பிரவுசரிலிருந்து பிரதி எடுத்த ஒவ்வொரு பைட்டையும் % அடையாளத்தோடு எழுதும் நீளமான முகவரியை அப்படியே ரூலின் வலப்பக்கம் ஒட்டியிருந்தார்கள். அது எங்கெங்கோ கொண்டுபோய் விட்டது. காரணம் நுணுக்கமானது. ரீரைட் ரூலின் வலப்பக்கத்தில் % அடையாளத்துக்குப் பின் ஒரு இலக்கம் வந்தால், அப்பாச்சி அதை முகவரியின் பகுதியாக எடுத்துக்கொள்ளாது. ரூலுக்கு மேலே எழுதும் நிபந்தனை வரியில் பிடித்து வைத்த துண்டை அங்கே வை என்று புரிந்துகொள்ளும். அப்படித் துண்டு எதுவும் இல்லாவிட்டால் அந்த இடம் வெறுமையாகிவிடும். மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளியின் கடைசி பைட் '%8டி'. ஆகவே புள்ளி வரும் இடத்தில் எல்லாம் முகவரி உடையும். தொண்டியில் ஒகரக்குறி, ண்-இன் புள்ளி, 'ட' என்று மூன்று இடத்தில் உடைகிறது. தப்பித்த % அடையாளங்களையும் அப்பாச்சி மறுபடி குறியீடாக்கி '%25' என்று அனுப்பும். தமிழில் முகவரி வைப்பது சரிவராது என்று சிலர் முடிவு கட்டுவது இந்த மாதிரி இடத்தில்தான். ஆனால் தமிழ் எழுத்தில் இங்கே ஒரு கோளாறும் இல்லை.

தீர்வு எளிது. ரூலில் தமிழ் எழுத்தையே நேரடியாக எழுதலாம். ரூலின் இடப்பக்கம் பொருத்திப் பார்ப்பது குறியீடு பிரிக்கப்பட்ட முகவரியை, வலப்பக்கத்தை வெளியே அனுப்பும்போது அப்பாச்சியே குறியீடாக்கிக்கொள்ளும். கன்ஃபிக் ஃபைலை யுடிஎஃப்-8இல் சேமித்தால் போதும். தனித்தனியாக வரும் கொம்பும் காலும் எங்கே இருந்தாலும் ஒகரக்குறியாக மாற்று என்று ஒரு ரூல், ஓகாரத்துக்கு இன்னொன்று. தொண்டிக்கு மட்டும் எழுதாமல் எழுத்துக்கு எழுதியதால், அதே பட்டியலில் இருந்த மற்ற ஊர்களும் சரியாயின.

இதைச் சோதிக்கும்போது ரீடைரக்டை 302, அதாவது தற்காலிகம், என்றுதான் வைத்தேன். 301 என்பது நிரந்தரம். பிரவுசர் அதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த முறை சர்வரைக் கேட்காமலே போய்விடும். பிழையான 301 ஒன்று மூக்கையூரில் யாரோ ஒருவரின் போனில் தங்கிவிட்டால் அதை இங்கிருந்து அழிக்க வழியில்லை. எல்லா ஊரும் சரியாகத் திறந்த பிறகே 301 ஆக்கினோம். பழைய தளத்தின் முகவரிகளில் கேள்விக்குறிக்குப் பின் ஊர் எண் வரும். ரூல் அந்தப் பகுதியைப் பார்க்கவே பார்க்காது, அதற்குத் தனி நிபந்தனை எழுத வேண்டும். அவற்றையும் விடாமல் புதிய பக்கங்களுக்குத் திருப்பினோம். வாட்சப் குழுவில் ஒருமுறை போன லிங்க், வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைத் தொடுகிறவர் இன்றைய விலையைத்தான் தேடி வருகிறார்.

ரூல்கள் எல்லாம் ஒழுங்கான பிறகு அவற்றை எச்டிஆக்சஸ் (தளத்தின் ஃபோல்டருக்குள்ளேயே வைக்கும் சின்னக் கன்ஃபிக்) ஃபைலிலிருந்து எடுத்து முதன்மைக் கன்ஃபிக்கில் வைத்தோம். அந்த ஃபைலுக்கு இடம் கொடுத்தால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் அப்பாச்சி வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் அது இருக்கிறதா என்று தேடும். சின்ன வேலைதான், ஆனால் புயல் கூண்டு ஏறிய நேரத்தில் சின்ன வேலையும் கணக்குதான். மாற்றும்போது ரூலின் தொடக்கத்தில் சாய்கோடு சேர்க்க வேண்டும். எச்டிஆக்சஸில் அது இருக்காது, முதன்மைக் கன்ஃபிக்கில் இருக்கும். இதை விட்டால் ஒரு ரூலும் பொருந்தாது, பிழைச் செய்தியும் வராது. லாகில் ரீரைட்டுக்கு ட்ரேஸ் 3 (ரூல் ஓடும் விதத்தை விரிவாகப் பதியும் நிலை) வைத்து, தொண்டி, தனுஷ்கோடி, தேவிபட்டினம், வாலிநோக்கம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகு ட்ரேஸை அணைத்தோம்.

லாட்ஜ்களின் தளங்கள் இன்னும் ப்ரீஃபோர்க்கிலேயே இருக்கின்றன. தை அமாவாசைக்கு முன் அவற்றை ஈவென்டுக்கு மாற்றிவிட வேண்டும்.